இயந்திரத்தில் இருந்த பெயர்: வேலை தேடும் விசாவில் ஆவடியிலிருந்து ஜெர்மனிக்கு

இந்த ஆய்வுக்கு உரியவர் ஆவடியைச் சேர்ந்த 31 வயது இயந்திரவியல் பொறியாளர். கையில் வேலை ஏதுமின்றி, வேலை தேடுவதற்கென்றே தரப்படும் ஜெர்மன் விசாவில் 2025 ஏப்ரலில் சென்னையை விட்டுக் கிளம்பினார். நவம்பரில் அங்கே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். அவர் பெயரையும் நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்; ஆவடிக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். வெற்றிக் கதையாகச் சொல்வதானால் இரண்டு பத்தி போதும். முதல் ஐந்து மாதம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை, அதன் பிறகு என்ன மாறியது என்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு நீளம்.

பின்னணி

தந்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்து, கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றபோது அதை நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் பல தடுமாறின. இவருடையதும் அவற்றில் ஒன்று. பிறகு ஒரகடத்தில் வேறொரு நிறுவனத்தின் ஆயுள் சோதனைக் கூடத்துக்கு மாறினார். ஒரு பாகத்தை லட்சக்கணக்கான முறை அதிரவைத்தும் முறுக்கியும், எங்கே எப்போது விரிசல் விடுகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது வேலை. மொத்தம் எட்டு ஆண்டு அனுபவம். மனைவி அம்பத்தூரில் பள்ளி ஆசிரியை.

துபாயில் இருக்கும் மைத்துனர் அங்கே வரச் சொன்னார். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 முதல் வேலை தேடுவோருக்குத் தனி விசா தருகிறது. 60, 90, 120 நாள் என மூன்று வகை. செலவு குறைவு, மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் சோதனைக் கூட வேலை என்பது வாகனமோ இயந்திரமோ வடிவமைக்கப்படும் இடத்தில்தான் கிடைக்கும். இந்த ஒரு கணக்கில் ஜெர்மனி முடிவானது.

எந்த வாசல்?

ஜெர்மனி முன்பு வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஆறு மாத வேலை தேடும் விசா கொடுத்துவந்தது. அதை வைத்துக்கொண்டு பிழைப்புக்காகப் பகுதிநேர வேலை பார்க்க முடியாது. 2024 ஜூன் 1 முதல் அந்த இடத்துக்கு வந்தது சான்சன்கார்ட்டே, அதாவது வாய்ப்பு அட்டை. ஓர் ஆண்டு வரை தங்கலாம். வாரத்துக்கு 20 மணி நேரம் எந்த வேலையும் பார்க்கலாம். தகுதிக்கேற்ற வேலை தர யோசிக்கும் நிறுவனத்தில் இரண்டு வாரம் வரை சோதனைப் பணியும், அதாவது வெள்ளோட்டமாக வேலையும், செய்து காட்டலாம். இந்தக் கடைசிச் சலுகையைப் பற்றிச் சென்னையில் அதிகம் பேசக் கேட்டதில்லை. இந்த நிகழ்வில் முடிச்சை அவிழ்த்தது அதுதான்.

பேசப்படுவதெல்லாம் புள்ளிகள். அட்டை பெற ஆறு புள்ளி வேண்டும். 35 வயதுக்கு உட்பட்டவருக்கு 2, கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு துறை அனுபவம் இருந்தால் 3, ஜெர்மன் மொழியில் ஏ2 எனப்படும் அடிப்படை நிலைக்கு 1, ஆள் பற்றாக்குறைத் தொழிலுக்கு 1 என்று கூட்டிக்கொண்டு போகலாம். அண்ணா சாலையில் ஓர் ஆலோசனை நிறுவனம் ஆவடிக்காரருக்கு இந்தக் கூட்டலைச் செய்து காட்டிப் பெருந்தொகை கேட்டது. வேலைக்கும் உத்தரவாதம் என்றது. ஆனால் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுமையாக இணையானது என்று நிறுவிவிட்டால் புள்ளிக் கணக்கே தேவையில்லை. தகுதி பெற்ற பணியாளர் என்ற வகையில் நேராகவே அட்டை கிடைக்கும். இதை அவர்கள் சொல்லவில்லை. அனாபின் என்ற ஜெர்மன் அரசின் தரவுத்தளத்தில் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டு என்று காட்டும் 'எச் பிளஸ்' குறியீடு இருக்கிறதா, பட்டத்துக்கு இணைநிலை காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் பான் நகரில் உள்ள வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 200 யூரோவைச் சற்றுத் தாண்டும். ஆவடிக்காரர் சான்றே வாங்கிவிட்டார். பின்னால் நிறுவனங்களிடம் காட்டவும் அது உதவியது.

'வேலைக்கு உத்தரவாதம்' என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். விசா விண்ணப்பம் நிரப்பித் தருபவர் இந்த வகையில் வருவதில்லை. அவர் வேலையையும் சேர்த்துப் பேசத் தொடங்கினால் பதிவு எண்ணைக் கேட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்ப்பது நல்லது. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது என்பது தெரியாமல் அதைத் தாண்டி ஏஜென்ட்டைத் தேடிப் போகிறவர்கள் ஏராளம்.

பணம்

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, மாதம் 1,091 யூரோ வீதம் ஓர் ஆண்டுக்கு 13,092 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், போட வேண்டும். இது 2025ஆம் ஆண்டுத் தொகை. மாணவர்களுக்கான தொகை 11,904 யூரோ. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் அனுபவத்தைக் கேட்டு அந்தத் தொகையை அனுப்பிவிட்டு, விண்ணப்பம் நின்றுபோன பிறகு மீதியை அனுப்புகிறவர்கள் உண்டு. ஆவடிக்காரர் சரியான தொகையையே அனுப்பினார். ஆனால் வங்கியில் வேறொன்று காத்திருந்தது.

13,092 யூரோ அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அனுப்பியது 2025 பிப்ரவரி. அந்த நிதியாண்டில் கல்வி, மருத்துவம் அல்லாத காரணங்களுக்காக வெளிநாடு அனுப்பும் தொகை 7 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். அதாவது 5 லட்சத்துக்கு ஒரு லட்சம். அது முன்வரிதான், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஆனால் அன்றைக்குக் கையில் ஒரு லட்சம் கூடுதலாக வேண்டும். தாயாரின் நகை அடகுக் கடைக்குப் போனது அந்த ஒரு லட்சத்துக்காகத்தான். ஏப்ரல் 1 முதல் வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது என்பதையும், ஆண்டுக் கணக்கு மார்ச் 31இல் முடிவதால் தொகையை இரண்டாகப் பிரித்து அனுப்பியிருக்கலாம் என்பதையும் பிறகுதான் அறிந்தார்கள்.

“அங்கே போய் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் தம்பி?” என்று தந்தை கேட்டிருக்கிறார். “முடக்கக் கணக்கில் மிஞ்சுவது நம் பணம்தான் அப்பா, திரும்பி வந்துவிடும்” என்று மகன் சொல்லியிருக்கிறார். பதில் தவறல்ல. ஆனால் மாதம் 1,091 யூரோ செலவாகிக்கொண்டே இருக்கும் கணக்கில் மிஞ்சுவது என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முதல் ஐந்து மாதம்

அவர் போய் இறங்கியது ஸ்டுட்கார்ட். கார் தொழிலின் தலைநகரம் என்பது காரணம். அதுவே தொல்லையாகவும் ஆனது. ஜெர்மன் பொருளாதாரம் 2023, 2024 என இரண்டு ஆண்டும் சுருங்கியிருந்தது. 2024இல் கார் உதிரிபாக நிறுவனங்களான காண்டினென்டல், இசட்.எஃப்., போஷ் ஆகிய மூன்றும் ஆயிரக்கணக்கில் ஆள் குறைப்பை அறிவித்திருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு கண்டது. கார் நிறுவனச் சோதனைக் கூடங்களில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர்களே வெளியே வந்து வேலை தேடும் நேரத்தில், ஏ2 ஜெர்மனோடு ஒருவர் அதே கதவுகளைத் தட்டினார். பெரும்பாலும் பதிலே வரவில்லை. வந்தவையும் இரண்டு வரி மறுப்புகள்.

அன்றாடச் சங்கடங்கள் தனி. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் வேண்டும். முதலில் எடுத்த அறையைக் கொடுத்தவர் கடிதம் தர மறுத்தார். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது. வரி எண் வந்தாலும் தபாலில்தான் வரும். அஞ்சல் பெட்டியில் நம் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார். இரண்டாவது அறைக்கு மாறி இவையெல்லாம் சரியாவதற்குள் மே மாதம் முடிந்துவிட்டது.

பகுதிநேர வேலை கிடைத்தது, ஒரு கிடங்கில். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 1,110 யூரோ. முடக்கக் கணக்கிலிருந்து மாதந்தோறும் விடுவிக்கப்படும் தொகைக்கு ஏறத்தாழச் சமம். மாதம் 556 யூரோவுக்கு மேல் சம்பாதிப்பதால் சமூகக் காப்பீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். அதுவரை வைத்திருந்த பயணக் காப்பீட்டுக்குப் பதிலாகச் சட்டப்படியான மருத்துவக் காப்பீடு கிடைத்தது. பண நெருக்கடி தீர்ந்தது. ஆனால் கிடங்கு வேலை அதிகாலையில். மாலை மொழி வகுப்பு. விண்ணப்பம் எழுதுவது இரவு பத்து மணிக்கு மேல், தூக்கக் கலக்கத்தில். அந்த மாதங்களில் அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன.

அந்தக் கடிதங்களில் இன்னொரு பழுதும் தெரிகிறது. ஜெர்மனியில் எதிர்பார்க்கும் ஆண்டுச் சம்பளத்தை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்வார்கள். இவர் 38,000 யூரோ என்று எழுதியிருக்கிறார். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிய தொகை. உள்ளூர்க்காரரைவிடக் குறைவாகக் கேட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. விளைவு நேர்மாறு. வெளிநாட்டுப் பட்டதாரிகள் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதியான, நீல அட்டை எனப்படும் ப்ளூ கார்டு தர 2025இல் ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருக்க வேண்டும்; பொறியியல் உள்ளிட்ட பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 யூரோ. 38,000 யூரோவுக்கு ஒருவரை எடுத்தால் ப்ளூ கார்டு கிடைக்காது. வேறு வகை அனுமதிக்குப் போனாலும், அதே வேலை செய்யும் உள்நாட்டவருக்கு ஈடான சம்பளமா என்று கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை பார்க்கும். வெளிநாட்டவரை எடுத்துப் பழக்கமுள்ள மனிதவள அதிகாரி அந்த எண்ணைப் பார்த்ததும் கடிதத்தை ஒதுக்கி வைத்திருப்பார். பழக்கமில்லாதவருக்கோ தயங்க இன்னொரு காரணம். குறைத்துக் கேட்பது பணிவு என்று நம் ஊரில் பழகியிருக்கிறோம். ஜெர்மனியில் அது ஆளை எடுக்க முடியாமலேயே செய்துவிடுகிறது.

திருப்பம்

செப்டம்பரில் மனைவி தொலைபேசியில் கேட்ட கேள்வி எளிமையானது: “என்னங்க, நீங்கள் ஒரகடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த மெஷினெல்லாம் எந்த ஊர் மெஷின்?”

பாதி ஜெர்மன் மெஷின்கள். அதிர்வு மேடை, முறுக்கு விசைச் சோதனைக் கருவி, விசை உணரிகள், தரவு பதியும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தயாரித்த நிறுவனத்தின் பெயர்த் தகடு இருக்கும். கார் நிறுவனங்களை விட்டுவிட்டு, அவற்றுக்குச் சோதனைக் கருவி செய்து தரும் நிறுவனங்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தார். பழைய சகாக்களுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கும் கூடங்களிலிருந்து தகடுகளின் படங்களை வாங்கினார். பெரும்பாலானவை யாரும் கேள்விப்படாத சிறு நிறுவனங்கள். ஸ்டுட்கார்ட்டில் இல்லை, ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிச் சிறு ஊர்களில் இருப்பவை. 2025இல் மாதம் 58 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர் ரயில்களில் போக முடிந்ததால் தூரம் பெரிய செலவாக இல்லை.

கடிதமும் மாறியது. 'நான் கடின உழைப்பாளி' என்ற பத்தி போனது. உங்கள் இன்ன மாதிரிக் கருவியை ஆண்டுக்கணக்கில் இயக்கியிருக்கிறேன், சென்னை வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அதன் நீரியல் குழாய் இணைப்பில் இன்ன கோளாறு வரும், நாங்கள் இப்படிச் சமாளித்தோம் என்று தொடங்கினார். அடுத்த பத்தியில் விசா நிலையை மறைக்காமல் எழுதினார்: நான் ஜெர்மனிக்குள்தான் இருக்கிறேன், இரண்டு வாரம் சோதனைப் பணி செய்ய இப்போதே அனுமதி இருக்கிறது, அதற்கு நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் எழுத வேண்டாம், பட்ட ஒப்பீட்டுச் சான்று இணைப்பில் உள்ளது. சம்பளம் 45,000 யூரோ.

கூடவே, சென்னை நிறுவனத்தின் பழைய மேலாளரிடம் புதிய கடிதம் ஒன்று வாங்கினார். நம் ஊர் அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாழ்த்து, அவ்வளவுதான். ஜெர்மனியில் பணிச் சான்று என்பது சட்டம் தரும் உரிமை. என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்று ஒரு பக்கத்துக்கு இருக்கும். நான்கு வரிச் சான்றைப் பார்க்கும் அதிகாரி எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மேலாளர் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

சோதனைக் கருவி செய்யும் ஒரு குடும்ப நிறுவனம் அக்டோபரில் அழைத்தது. நேர்காணல் பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும் நடந்தது. பிறகு சோதனைப் பணிக்கு வரச் சொன்னார்கள். இரண்டாம் வாரத்தில், இந்தியாவில் ஒரு வாடிக்கையாளரிடம் நின்றுபோயிருந்த கருவியைப் பற்றிய வீடியோ அழைப்பில் அவரையும் உட்காரவைத்தார்கள். மறுமுனையில் இருந்தவர் ஓசூர்க்காரர். தமிழில் பேசி அரை மணி நேரத்தில் கோளாற்றைக் கண்டுபிடித்தார்கள். முதலாளிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கருவி மீண்டும் ஓடியது புரிந்தது.

அது அதிர்ஷ்டம் இல்லையா என்று கேட்டால், ஓசூர்க்காரர் அன்றைக்கு அழைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் சென்னையைச் சுற்றி வாகனத் தொழிற்சாலைகள் இத்தனை இருக்கும்போது, அந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்கு இங்கே வாடிக்கையாளர்கள் இருப்பதில் அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. ஆவடிக்காரரின் எட்டு ஆண்டு அனுபவம் யாருக்கு உண்மையில் தேவை என்ற கேள்விக்கு விடை அவர் கையாண்ட இயந்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சென்னையில் இருந்தபோதே எழுதி எடுத்திருந்தால் ஏப்ரலில் இறங்கியதும் தொடங்கியிருக்கலாம். பலர் ஊரில் இருக்கும்வரை விசாவுக்காக மட்டுமே உழைத்துவிட்டு, தேடலை விமானம் இறங்கிய பிறகு ஆரம்பிக்கிறார்கள்.

ஓர் ஆண்டு என்பதும் உண்மையில் ஓர் ஆண்டு அல்ல. முகவரி, வரி எண், வங்கிக் கணக்கு என்று முதல் ஒன்றரை மாதம் போய்விடுகிறது. ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸை ஒட்டியும் அப்படியே. கடைசியில் ஒப்பந்தத்துக்குப் பிறகு அனுமதியை மாற்றவும் மாதங்கள் வேண்டும். தேடுவதற்கென்று நிஜமாகக் கிடைப்பது ஏழெட்டு மாதம். அதில் ஐந்தைத் தவறான கதவுகளில் செலவழித்தும் இவர் தப்பியது மயிரிழையில்தான் என்பது என் கணிப்பு.

ஒப்பந்தமும் ஜனவரியும்

நவம்பரில் 45,000 யூரோவுக்கு ஒப்பந்தம் தயாரானது. பற்றாக்குறைத் தொழில் வரம்பான 43,759.80ஐத் தாண்டிவிட்டது, போதும் என்று நிறுவனம் நினைத்தது. ஆனால் இந்த வரம்பு ஆண்டுதோறும் ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தா கணக்கிடப்படும் சம்பளத்தின் உச்சவரம்போடு சேர்ந்து நகர்வது. 2026க்கு அது 45,934.20 யூரோ; பொது வரம்பு 50,700. வெளிநாட்டினர் அலுவலகத்தின் முடிவு புத்தாண்டுக்குப் பிறகுதான் வரும் போலிருந்தது. ஆவடிக்காரர் இதை எடுத்துச் சொல்ல, நிறுவனம் 46,500 என்று திருத்திக் கொடுத்தது. சம்பளம் கூட்டிக் கேட்கிறாயே என்று கோபிப்பார்களோ என்ற பயத்தில் அவர் இரண்டு நாள் தயங்கியிருக்கிறார். கணக்கை மின்னஞ்சலில் பார்த்த நிர்வாகி நன்றி சொல்லிப் பதில் எழுதினாராம்.

ஒப்பந்தம் கையில் வந்த மறுநாளே முழுநேரம் வேலைக்குப் போக முடியாது. புதிய அனுமதி வரும்வரை பழைய அட்டையின் நிபந்தனைதான்: வாரம் 20 மணி நேரம். அதனால் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, அந்த 20 மணி நேரத்தைப் புதிய நிறுவனத்திலேயே செய்தார். ப்ளூ கார்டு ஜனவரி இறுதியில் வந்தது. பிப்ரவரியிலிருந்து முழுநேர வேலை. ஒப்பந்தப்படி முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். ஜெர்மனில் ஏ2க்கு அடுத்ததான பி1 நிலையைத் தொட்டுவிட்டால் ப்ளூ கார்டில் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். மாலை வகுப்பை அவர் நிறுத்தவில்லை.

வங்கி பிடித்த வரி, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தபின் திரும்ப வந்தது. தாயாரின் நகை மீண்டது. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு விசாவுக்கு முன் ஜெர்மன் தேர்வு கட்டாயமில்லை. ஆனாலும் மனைவி இங்கேயே ஏ1 வகுப்பில் சேர்ந்திருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதால், பொதுத் தேர்வு முடியும்வரை பள்ளியை விடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் குடும்ப விசா விண்ணப்பம் ஏப்ரலுக்குப் பிறகுதான்.